ஒளிராத இடைவெளி

ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு தவமணி மத்தியானச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அப்போதுதான், பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஆன்ம சாந்திப் பூசை வைத்து முடித்த தம்பி அவளை "அக்கா" என்று கூப்பிட்டான்.

கை சோற்றிலேயே நின்றுவிட்டது. இரைச்சல். இரைச்சலுக்குள் இருந்து மறுபடியும் அந்தக் குரல். "அக்கா... இடப்பக்கம்... இருபத்தேழு..." அதோடு அறுந்துபோனது. கழுவாத கையாலேயே அவள் பதிவைத் திருப்பிப் போட்டாள். லூர்துதான். 'க்கா'வில் ஒரு சின்ன அழுத்தம் கொடுத்து, ஏதோ கேட்கப்போகிறவன்போலச் சொல்லுவான். உலகத்தில் வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

முகிலூர், விண்வெளியில் ஒரு கரிய வாயு மேகத்துக்குள் மிதக்கும் ஊர். மூவாயிரம் பேர். மேகத்துக்கு அப்பால் ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்துச் செத்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆகிறது. வெடிப்பில் கிளம்பிய அலை வழியில் இருந்த வாயுவையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு வந்து, இப்போது இந்த மேகத்தின் விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது. முட்டுகிற இடத்தில் வாயு நசுங்கி, ரேடியோவில் ஒரே ஒரு சுருதியில் ஒளிரும். கண்ணுக்குத் தெரியாது, ஊரின் டிஷ் ஆன்டெனாவுக்குத் தெரியும். அந்த ஒளிரும் கீற்று எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது தவமணியின் வேலை. ஒவ்வொரு வருஷமும் ஊர்ச்சபையில் எழுந்து, "இன்னும் முந்நூறு வருஷத்துக்குப் பயமில்ல" என்று சொல்லிவிட்டு உட்காருவாள். எல்லாரும் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவார்கள்.

மேகத்துக்குள் இருந்து பார்த்தால் அலையின் முன்பக்கம்தான் தெரியும். பின்பக்கம் போய்ப் பார்த்துவர 'மீன்கொத்தி' என்ற கப்பலை அனுப்பினார்கள். ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர். லூர்து அதில் ஒருவன். மூன்றாவது வருஷம் பேச்சு நின்றது. அந்தக் கப்பல் வழியில் கிடக்கிற வாயுவை அள்ளித்தான் எரிபொருள் ஆக்க வேண்டும். அலை கடந்துபோன இடமோ துடைத்துப் போட்ட பாத்திரம்போலக் கிடக்கும், அள்ள ஒன்றும் இருக்காது. அது தெரிந்ததும் ஊர் நம்பிக்கையை விட்டுவிட்டது. பூசை வைத்தார்கள். நாலு வருஷம் கழித்து லூர்துவின் மனைவி கிளாரா மறுமணம் செய்துகொண்டாள். அவளைக் கட்டிக்கொண்டவர் மரியதாஸ். இன்றைக்கு அவர்தான் ஊர்ச்சபைத் தலைவர்.

ஆகவே பதிவை முதலில் போட்டுக் காட்ட வேண்டியதும் அவரிடம்தான்.

மரியதாஸ் இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"லூர்துதான?"

"அவன்தான் அண்ணாச்சி."

"இத்தன வருஷமாக் கேக்காதது இப்ப எப்படிம்மா கேக்குது?"

"அவன் சத்தத்தக் கூட்டல. நடுவுல இருக்க வாயுதான் கூட்டிக் குடுக்குது. கோயில்ல ஒருத்தன் மெதுவாப் பாட ஆரம்பிக்கான்னு வச்சுக்கோங்க. சுத்தி நிக்கவங்க எல்லாரும் மூச்சப் புடிச்சிட்டுத் தயாரா நிக்காங்க. அவன் சுதியும் இவங்க சுதியும் ஒண்ணா இருந்துட்டா அத்தன பேரும் சேந்துக்குவாங்க. வெளிய நிக்கவனுக்குப் பெருஞ்சத்தமாக் கேக்கும். ஒளிருற வாயு அப்படித்தான். லூர்து சரியா அந்தச் சுதியில பேசுதான். இப்ப கீத்து நகந்து நமக்கும் அவனுக்கும் நடுவுல வந்திருக்கு."

"இப்ப பேசுதானா?"

"பேசி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. வந்து சேர அவ்வளவு நாளாகும்."

மரியதாஸ் எழுந்து அறையைச் சுற்றி நடந்தார். சின்ன அறை. நாலு எட்டில் சுவர் வந்துவிட்டது, திரும்பினார்.

"கிளாராட்ட நீயே சொல்லிரும்மா. நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டுச் சொல்ல?"

கிளாரா கீரைக்கூடத்தில் இருந்தாள். அடுக்கடுக்கான தட்டுகளில் தண்டுக்கீரையும் பொன்னாங்கண்ணியும் விளக்கொளியில் வளர்ந்திருந்தன. தவமணி சொல்லி முடிக்கும்வரை அவள் கத்தரிப்பதை நிறுத்தவில்லை.

"அவுக உசுரோட இருக்காகளா மதினி?"

"ஒரு வருஷத்துக்கு முன்னால இருந்திருக்கான்."

"என்ன சொன்னாக?"

"ஒண்ணும் புரியல. ஏதோ எண்ணுதான். இடப்பக்கம்ங்கான்."

"என்னயக் கேட்டாகளா?"

"இல்லட்டி. இன்னும் முழுசா வரல."

கிளாரா கத்தரியைக் கீழே வைத்தாள். கழுவி வைத்திருந்த தட்டு ஒன்றை எடுத்து மறுபடி கழுவினாள். பிறகு அடுத்ததை எடுத்தாள். "வீட்டுக்குப் போயி சோறு வைக்கணும்," என்றாள், ஆனால் நகரவில்லை. "ஜெரோம் பள்ளிக்கூடத்துல இருந்து வந்திருப்பான். நான் இப்ப என்ன செய்யணும் மதினி? சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் செய்யுதேன்."

 தவமணியும் ஒரு தட்டை வாங்கிக் கழுவினாள்.

மறுநாளுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கேண்டீனில், தண்ணீர் வரிசையில், லிப்ட்டில் அதே பேச்சு. மீன்கொத்தியில் போனவர்களின் வீட்டார் தவமணியின் அறை வாசலில் வந்து நின்றார்கள். எங்க அண்ணன் பேசினானா, எங்க மக பேசினாளா? குரல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, ஆனால் எப்போதும் லூர்துவின் குரல்தான். ஒரு வாக்கியத்தின் தலை ஒரு நாள் வந்தால் வால் இன்னொரு நாள் வந்தது. யாருக்கும் உறக்கம் பிடிக்கவில்லை. ஊரின் வளைந்த நடைபாதையில் எந்நேரமும் யாராவது நடந்துகொண்டிருந்தார்கள்.

'போய்க் கூட்டி வருவோம்' என்ற பேச்சு கிளம்பியது. முகிலூரின் அடியில் நாலு பெரிய என்ஜின்கள் உண்டு. ஊரையே நகர்த்த வேண்டி வந்தால் என்று முதல் தலைமுறை பொருத்தி வைத்தது. அவற்றில் இரண்டைக் கழற்றி ஒரு கப்பலில் மாட்டினால் போய்வரலாம் என்றார்கள் தொழிற்கூடத்துப் பிள்ளைகள். சேமித்த எரிபொருள் பெரும்பாலும் அதற்கே போய்விடும். போகட்டுமே, முந்நூறு வருஷம் இருக்கிறதே என்றது ஊர். தவமணியின் வார்த்தையே அவளைச் சுற்றி ஊரெல்லாம் கேட்டது.

மரியதாஸ் பிடிகொடுக்காமல் இருந்தார். "பொண்டாட்டி போயிருவான்னு பயம்," என்று அவர் காதுபடவே ஒருவன் சொன்னான். அன்று அவர் தவமணியின் அறைக்கு வந்து உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

"வேண்டாம்னு சொன்னா ஊரு என்ன சொல்லும்னு எனக்குத் தெரியும்மா. வேணும்னு சொன்னா, அது நியாயத்துக்குச் சொன்னதா, பேச்சுக்குப் பயந்து சொன்னதான்னு எனக்கே தெரியாது. நீ அவன் அக்கா. நீ சொல்லு."

"எனக்கு மட்டும் தெரியுமா அண்ணாச்சி? எனக்கு அவன் வேணும். கணக்கு எல்லாம் அதுக்கப்புறந்தான் வருது."

"கிளாரா ரெண்டு நாளா எங்கூடப் பேசல. கோவமில்ல. எப்படிக் கூப்புடணும்னு தெரியாம முழிக்கா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, அனுப்புவோம். சபையக் கூட்டுதேன்."

அவர் போன பிறகு தவமணி இதுவரை வந்த துண்டுகளையெல்லாம் ஒன்றாக ஒட்டிப் போட்டுக் கேட்டாள். கப்பல் இருக்கும் இடத்தைத்தான் சொல்கிறான் என்று எல்லாரையும்போல அவளும் நினைத்திருந்தாள். கப்பல் அனுப்புவதானால் இடம் சரியாகத் தெரிய வேண்டுமே. "இடப்பக்கம் இருபத்தேழு. வலப்பக்கம் முப்பத்தொண்ணு. நடு, ஐநூத்தி எண்பது." திசையா? ஒரு திசைக்கணக்கிலும் அது பொருந்தவில்லை. தூரமா? அதுவும் இல்லை.

இருபத்தேழு என்ற எண் எங்கேயோ உறுத்திக்கொண்டே இருந்தது. உறுத்தியது அவள் வாயில்தான் என்று பிறகு தெரிந்தது. வருஷா வருஷம் சபையில் அவளே சொல்லும் எண். மேகத்தின் இடப்பக்கத்தில் வாயு இறுகிக் கிடக்கும் கட்டியில் அலை நொடிக்கு இருபத்தேழு கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வலப்பக்கத்துக் கட்டியில் முப்பத்தொன்று. அவன் தன் இடத்தைச் சொல்லவில்லை. பின்பக்கம் நின்று அலையின் வேகத்தைச் சொல்கிறான்.

அப்படியானால் நடு?

திரையில் இரண்டு ஒளிர்ந்த கட்டிகள். நடுவில் இருட்டான ஓர் இடைவெளி. அங்கே ஒளி இல்லாததால் அலை இன்னும் வந்து சேரவில்லை என்றே அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் அப்படித்தான் எழுதியிருந்தார்.

ஐநூற்று எண்பதை அந்த இடைவெளிக்கு வைத்துப் பார்த்தாள். மறுபடி கணக்குப் போட்டாள். தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போட்டாள். எழுந்துபோய் நடைபாதையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முகம் கழுவி, முதலில் இருந்து போட்டாள். கணக்கு அசையவில்லை. சொல்லாமல் இருந்தால் தம்பியைக் கூட்டிவரக் கப்பல் போகும். அந்த எண்ணம் வந்த உடனே அவள் கதவைத் திறந்துகொண்டு மரியதாஸின் அலுவலகத்துக்கு ஓடினாள். நின்றால் மனசு மாறிவிடும் என்று பயமாக இருந்தது.

"கெட்டியான வாயுல முட்டுனா அலை தளரும் அண்ணாச்சி. நசுக்கும், நசுங்குனது ஒளிரும். நாம பாக்கது அதத்தான். நடுவுல வாயு மெலிசு. அங்க அது முட்டவே இல்ல, பூந்து ஓடுது. நசுங்க ஒண்ணும் இல்லாததாலதான் ஒளிரல. இருட்டா இருக்கேன்னு நான் வரலன்னு நெனச்சேன். அது வந்து, தாண்டி, பாதி வழி கடந்துருக்கு."

"அந்த நடு எங்கம்மா இருக்கு?"

"நமக்கு நேரா."

மரியதாஸ் பேனாவை மூடினார். "எத்தன வருஷம்?"

"பதினொண்ணு. மிஞ்சிப்போனா பன்னெண்டு."

"வந்தா?"

"சூடுன்னு நெனக்காதீங்க. துகள் மழை. சுவரு, கூரை எதுவும் தடுக்காது. ஒடம்புல எறங்கும். மொதல்ல வயித்துப் புள்ளைங்க, அப்புறம் கைப்புள்ளைங்க."

 "வழி இருக்கா?" என்றார் மரியதாஸ்.

"இடப்பக்கத்துக் கட்டிக்குப் பின்னால ஊர நகத்தணும். அது நல்ல கெட்டி, தாங்கும். எட்டு வருஷம் ஆகும். நாலு என்ஜினும் வேணும். இருக்க எரிபொருள் சரியாப் போகும்."

"அப்ப மீன்கொத்தி?"

 மரியதாஸ் தவமணியின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னொண்ணும் இருக்கு அண்ணாச்சி. ஊரு நகந்தா கீத்து நமக்கும் அவனுக்கும் நடுவுல இருக்காது. அதுக்கப்புறம் அவன் சத்தமும் கேக்காது."

சபை கூடியபோது கூடத்தில் மூச்சுவிட இடமில்லை. மரியதாஸ் எழுந்ததும் பின்வரிசையில் கூச்சல் கிளம்பியது. அவர் உடனே உட்கார்ந்து, தவமணியைக் காட்டினார். அவள் லூர்துவின் குரலை முழுவதும் போட்டுக் காட்டினாள். ஒவ்வொரு எண்ணும் என்ன என்று சொன்னாள். முந்நூறு வருஷம் என்று தான் சொன்னது தப்பு என்றும் சொன்னாள். சொல்லும்போது குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள்.

"ஒருவேள அவங்களும் தப்பா அளந்திருந்தா?" என்று தொழிற்கூடத்துப் பிள்ளை ஒருவன் கேட்டான்.

"நான் அளந்த ரெண்டும் அவன் அளந்த ரெண்டும் ஒண்ணா இருக்கு. மூணாவதுல மட்டும் தப்புவானா?"

மீன்கொத்தியில் மகளை அனுப்பிய எஸ்தர் எழுந்தாள். வெல்டிங் வேலை செய்கிறவள், ஊரில் சத்தமாகப் பேசுகிறவள். அன்று மெதுவாகத்தான் கேட்டாள்.

"தவமணி, எங்களக் காப்பாத்துங்கன்னு ஒரு தடவயாது கேட்டாங்களா?"

"இல்ல."

"வாங்கன்னு?"

"இல்ல எஸ்தர். ஒரு எடத்துலயும் இல்ல."

 "அப்ப நகருவோம்," என்று சொல்லிவிட்டு எஸ்தர் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

புறப்பாட்டு வேலைகள் தொடங்கின. கீரைத் தட்டுகளைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். தண்ணீர்த் தொட்டிகளுக்கு மூடி அடித்தார்கள். என்ஜின்கள் சோதனைக்காக உறுமியபோது தரை லேசாகச் சாய்ந்தது, சட்டியில் குழம்பு ஒரு பக்கமாக ஏறி நின்றது. குழந்தைகளுக்கு அது விளையாட்டு, பெரியவர்கள் சட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர் வேகம் எடுக்கும்போது டிஷ் விரிந்திருந்தால் முறிந்துவிடும், அதனால் அதை மடக்க வேண்டும். மடக்குவதற்கு முன் ஒரே ஒரு பதில் அனுப்பலாம், நாலைந்து நிமிஷம். அது போய்ச் சேரும்போது கீற்று நடுவில் இருக்குமோ இருக்காதோ, அனுப்பிப் பார்க்கலாம்.

யார் பேசுவது என்று கேட்டபோது எஸ்தர் முதல் எல்லா வீட்டாரும் கிளாராவைச் சொன்னார்கள். கிளாரா மூன்று நாள் யோசித்தாள். டிஷ் மடக்கும் அன்று தவமணியின் அறைக்கு வந்தாள். மடக்கும் மோட்டாரின் விசை அதே அறையில்தான், மரியதாஸ் அதன் பக்கத்தில் நின்றிருந்தார். கிளாரா அவரைப் பார்த்துவிட்டுத் தவமணியின் காதோரம் குனிந்தாள்.

"சொல்லத்தான் போறேன் மதினி. கல்யாணம் கட்டிக்கிட்டேன்னு. பொய் சொல்லி அனுப்ப மனசு வரல. ஆனா அவுக அங்க ஒத்தையில கெடந்து இதக் கேட்டா... எப்படி ஆரம்பிக்கன்னு தெரியல."

தவமணி மைக்கைத் தயார் செய்துகொண்டிருந்தாள். அப்போது ஸ்பீக்கரில் இரைச்சல் விலகியது. இதுவரை இவ்வளவு தெளிவாக ஒன்றும் வந்ததில்லை. வழக்கம்போல லூர்து "அக்கா" என்றான். அதைத் தொடர்ந்து வேறு ஒரு குரல் வந்தது. பெண் குரல், இளம் குரல்.

"இது மீன்கொத்தி. நான் ஆக்னஸ் பேசுதேன். லூர்து மக. என் கொரல் உங்களுக்குத் தெரியாதுல்லா, யாரோன்னு விட்டுருவீங்களேன்னு அப்பா பேசுன பழைய பதிவத்தான் இத்தன நாளும் போட்டு விட்டோம். அப்பா எறந்து ஆறு வருஷம் ஆச்சு. அவங்க எடுத்த கணக்கு பழசு. நாங்க புதுசா எடுத்திருக்கோம், எழுதிக்கோங்க. இடப்பக்கம் அதே இருபத்தேழு. நடு, நானூத்தித் தொண்ணூறு, கொஞ்சம் தளந்திருக்கு. இடப்பக்கத்துக் கட்டி தாங்கும், அதுக்குப் பின்னால போங்க."

தவமணியின் விரல்கள் தானாக எழுதின. பழைய கணக்கென்றால் அந்தப் பதினொரு வருஷத்தில் ஆறுக்கு மேல் ஏற்கனவே கைவிட்டுப் போயிருக்கிறது. வேகம் தளர்ந்ததில் அதில் பாதியாவது திரும்பி வருகிறது. எட்டு வருஷப் பயணத்துக்கு மயிரிழைதான் மிச்சம். இருந்தாலும் மிச்சம். தம்பி செத்துப்போனான் என்ற வார்த்தை அவளுக்குள் இறங்கியிருந்தது, ஆனால் இன்னும் எங்கும் போய் முட்டவில்லை.

"அத்தை இருந்தா அத்தைக்கு எங்க தோத்திரம்," என்றது குரல். "அம்மா பேரு மீனாட்சி, என்ஜின் பாக்காங்க. நாங்க இங்க இப்ப பதினாலு பேரு. நல்லா இருக்கோம். கிளாரா பெரியம்மாவுக்கும் தோத்திரம். அப்பா உங்களப் பத்திச் சொல்லுவாங்க. வேற கல்யாணம் கட்டியிருக்கணும், நல்லா இருக்கணும்னு சொல்லிட்டே இருந்தாங்க."

பிறகு இரைச்சல் மூடிக்கொண்டது.

 கிளாரா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பெரியம்மாவாம்," என்றாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவள் தொண்டையில் இருந்து வந்தது. தவமணி அவள் தோளைப் பிடித்தாள். அப்போதுதான் தவமணிக்கு அழுகை முட்டியது. 

வெளியே என்ஜின்கள் சூடேறத் தொடங்கிவிட்டன. தரை சாயத் தொடங்கியது. மேசையில் இருந்த பேனா உருண்டு விழுந்தது.

"நேரமாச்சும்மா," என்றார் மரியதாஸ், மெதுவாக.

கிளாரா கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை இழுத்தாள். மூன்று நாளாக மனசுக்குள் எழுதி வைத்திருந்தது ஒன்றும் அவள் வாயில் வரவில்லை.

"ஆக்னஸு, நான் கிளாரா பெரியம்மா பேசுதேன்மா. நீ சொன்னது வந்து சேந்துட்டு. மூவாயிரம் பேரும் இடப்பக்கம் போறோம். அத்தை பக்கத்துலதான் இருக்காங்க, அழுதுட்டு இருக்காங்க, அதான் நான் பேசுதேன். எஸ்தர் பாட்டி மகளப் பாத்தா அம்மா நல்லாருக்காங்கன்னு சொல்லு. அப்புறம்... இங்க ஒனக்கு ஒரு தம்பி இருக்கான். ஜெரோமுன்னு பேரு. ஒன்பது வயசு. படிப்பு வரல, ஆனா நல்லாப் பாடுவான். அவன் அப்பா பேரு மரியதாஸ். நல்ல மனுசன். இங்கதான் நிக்காரு..."

டிஷ் மடக்கும் மோட்டாருக்கான மணி அடித்தது. மரியதாஸ் விசைமேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். கீழே என்ஜின் அறையைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

"பேசு கிளாரா," என்றார்.